கிடத்தும் கைகளின் கடமை

பிறந்த குழந்தை ஒரு நாளில் 14 முதல் 17 மணி நேரம் வரை உறங்குகிறது. பால் அருந்துவதும் அழுவதும் நீராட்டப்படுவதும் போக, அதன் தொடக்க நாள்களின் வாழ்வு பெரும்பாலும் உறக்கந்தான். எனவே ‘குழந்தையை எங்கே உறங்க வைப்பது?’ என்னும் கேள்வி, ‘குழந்தை எங்கே வாழ்கிறது?’ என்னும் கேள்வியே ஆகும். ஆயினும் நம் இல்லங்களில் இதைப் பற்றி எண்ணுவோர் சிலரே. பெயர் சூட்டப் பல நாள் ஆலோசிக்கிறோம். ஞானப் பெற்றோரைத் தேர்ந்துகொள்ள உறவினரைக் கூட்டிப் பேசுகிறோம். குழந்தை படுக்கும் இடத்தையோ, எந்த மூலை காலியாக இருக்கிறதோ, எந்த விட்டத்தில் கொக்கி இருக்கிறதோ, அதுவே முடிவு செய்துவிடுகிறது.

இது மருத்துவர் சொல்ல வேண்டிய செய்தி என்றோ, வீட்டுப் பெண்கள் பார்த்துக்கொள்ள வேண்டிய வேலை என்றோ ஒதுக்கிவிடத் தக்கதன்று. இது ஓர் அறநெறிக் கேள்வி. தானாகப் புரளவும், முகத்தில் விழுந்த துணியை விலக்கவும், மடங்கிய கழுத்தை நிமிர்த்தவும் இயலாத ஓர் உயிருக்காக வேறொருவர் இங்கே முடிவெடுக்கிறார். முடிவெடுப்பவருக்கு அன்பு உண்டு என்பதில் ஐயமில்லை. ஆனால் அன்பு இருந்தால் போதுமா? அன்போடு செய்த ஒன்று தீங்காய் முடிந்தால் அதற்குப் பொறுப்பு யாருடையது? இவ்விரு கேள்விகளையும் சற்றே எண்ணிப் பார்ப்போம்.

நாம் மறந்த தாய்

சாலமோன் மன்னரின் தீர்ப்பை அறியாதவர் நம்மிடையே இலர். உயிருள்ள ஒரு குழந்தை, அதற்கு உரிமை கோரிய இரு பெண்கள், அரசவைக்குக் கொண்டுவரப்பட்ட வாள், குழந்தை பிழைத்திருந்தால் போதுமென்று அதை விட்டுக்கொடுத்த உண்மைத் தாய் ஆகியோர் நம் நினைவில் நிற்கின்றனர். அவ்வழக்கு எதனால் எழுந்தது என்பதை மட்டும் மறந்துவிடுகிறோம். அரசர்கள் முதல் நூலின் மூன்றாம் அதிகாரம் அதைத் தெளிவாகச் சொல்கிறது. ஒரே வீட்டில் வாழ்ந்த விலைமாதர் இருவர் மூன்று நாள் இடைவெளியில் பிள்ளை பெற்றனர். ஓர் இரவில் அவர்களுள் ஒருத்தி, உறக்கத்தில் தன் பிள்ளையின்மேல் புரண்டு படுத்துவிட்டாள். பிள்ளை இறந்துபோயிற்று.

அவ்விருவரையும் தவிர வேறு எவரும் அவ்வீட்டில் இல்லை என்றும் அங்கே கூறப்படுகிறது. சாட்சி சொல்ல ஆளில்லை என்பதை உணர்த்தவே அச்செய்தி சேர்க்கப்பட்டது. ஆயினும் அதில் இன்னொரு துயரமும் அடங்கியிருக்கிறது. பிள்ளை பெற்றுச் சில நாள்களே ஆன இரு பெண்களுக்குப் பக்கத்தில் கண்விழித்திருக்க ஒரு தாய் இல்லை, தமக்கை இல்லை, கணவன் இல்லை. களைத்த உடல் உறங்கிவிட்டது.

மற்றவளின் பிள்ளையைத் திருடியது குற்றம். அரசன்முன் பொய் சொன்னது குற்றம். உயிருள்ள பிள்ளையை வெட்டட்டும் என்றது கொடுமை. ஆனால் அவள் உறங்கியது குற்றமா? தன்னருகே கிடத்திய பிள்ளை அசைவற்றிருப்பதை நள்ளிரவில் தடவிப் பார்த்து அறிந்த அந்த நேரத்தில் அவள் குற்றவாளியல்லள். பிள்ளையை இழந்த ஒரு தாய் மட்டுமே. தீர்ப்புக்குப் பின் அவள் என்ன ஆனாள் என்று நூல் சொல்லவில்லை. நாமும் கேட்டதில்லை.

தண்டனையும் கருவியும்

பின்வந்த நூற்றாண்டுகள் இத்தகைய தாய்மாரை மறக்கவில்லை. இடைக்கால ஐரோப்பாவில், பாவ அறிக்கை கேட்கும் குருக்களுக்கென எழுதப்பட்ட பரிகார நூல்கள், உறக்கத்தில் பிள்ளையை நசுக்கிய பெற்றோர் செய்ய வேண்டிய தவங்களை வகுத்திருந்தன. இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரில் வழங்கிய ‘ஆர்க்கூச்சியோ’ என்னும் கருவியைப் பற்றி, 18-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் லண்டன் ராயல் சொசைட்டியின் ஆய்விதழ் ஒரு குறிப்பு வெளியிட்டது. குழந்தையின் மேலே வளைவாக நிற்கும் மரச்சட்டம் அது. அருகில் படுத்தவர் புரண்டாலும் அவரது உடற்பாரம் குழந்தையின்மேல் விழாது. சட்டத்தின் பக்கத்தில் விடப்பட்ட இடைவெளி வழியே பால் கொடுக்கவும் இயலும். செவிலித்தாய் ஒவ்வொருவரும் இதைப் பயன்படுத்தியாக வேண்டும், தவறினால் திருச்சபையிலிருந்து விலக்கப்படுவர் என்பது அந்நகரின் விதி என்றும் அக்குறிப்பு சொல்கிறது.

அத்தண்டனை இன்று நமக்குக் கடுமையாகத் தோன்றலாம். ஆனால் அந்நகரம் செய்த மற்றொன்றையும் காண வேண்டும். களைத்த செவிலியிடம் ‘உறங்காதே’ என்று மட்டும் அது சொல்லவில்லை. உறங்கினாலும் தீங்கு நேராத ஒரு கருவியை அவள் கையில் கொடுத்தது. மனித உடலால் இயலாததைக் கட்டளையிடுவது அறமாகாது என்னும் உண்மை அந்த மரச்சட்டத்தில் இருக்கிறது.

பிற்காலத்தார் இதை எப்போதும் நினைவிற் கொள்ளவில்லை. ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் காவல்துறை மருத்துவராயிருந்த டெம்பிள்மன், மூச்சுத் திணறி இறந்த 258 குழந்தைகளைப் பற்றி 1892-இல் ஓர் அறிக்கை எழுதினார். அவ்விறப்புகள் சனிக்கிழமை இரவுகளில் மிகுந்திருந்தன. தாய்மாரின் அறியாமை, கவனமின்மை, குடிப்பழக்கம், இட நெருக்கடி ஆகியவற்றைக் காரணங்களாக அவர் குறித்தார். 1908-இல் பிரிட்டனில் இயற்றப்பட்ட குழந்தைகள் சட்டம், குடித்துவிட்டுப் படுத்துக் குழந்தையை மூச்சடைக்கச் செய்தவரைத் தண்டிக்க வழி செய்தது. அது தேவையான சட்டமே. ஆனால் குடித்தவரைக் கூண்டில் நிறுத்தலாம். ஒரே அறையில் ஒரே படுக்கையில் முழுக் குடும்பமும் படுக்க நேர்ந்த இட நெருக்கடியை எந்தக் கூண்டில் நிறுத்துவது? அது தப்பித்துக்கொண்டது.

இன்னொரு வேதனையும் உண்டு. நலமாயிருந்த குழந்தை உறக்கத்தில் காரணம் புலப்படாமல் இறப்பதைத் ‘திடீர்ச் சிசு மரணம்’ என 1969-இல் மருத்துவ உலகம் தனியே வரையறுத்தது. அதற்கு முன் தாயின் உடல் அழுத்தியதால் நேர்ந்தவை என்று எழுதப்பட்ட இறப்புகளில் எத்தனையோ இவ்வகையைச் சேர்ந்தவையாக இருந்திருக்கலாம். பிள்ளையைத் தீண்டாமலே, தானே கொன்றதாக நம்பி வாழ்ந்து மடிந்த தாய்மாரும் அவர்களுள் இருந்திருப்பர்.

நல்லெண்ணத்தின் பிழை

அறியாமை ஏழைத் தாய்க்கு மட்டும் உரியதா? கடந்த நூற்றாண்டின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை. குழந்தையைக் குப்புறப் படுக்க வைப்பதே நல்லது என்று மேலை நாட்டு மருத்துவர்கள் பல ஆண்டுகள் அறிவுறுத்தி வந்தனர். கோடிக்கணக்கில் விற்ற டாக்டர் பெஞ்சமின் ஸ்பாக்கின் குழந்தை வளர்ப்பு நூலும் 1950-களின் நடுப்பகுதிக்குப் பின் வந்த பதிப்புகளில் அதையே கூறியது. மல்லாந்து கிடக்கும் குழந்தை வாந்தியெடுத்தால் அது மூச்சுக்குழலில் சென்று அடைத்துவிடும் என்று அஞ்சினார்கள். அச்சம் நியாயமானதுபோல் தோன்றிற்று. ஆனால் உடலின் அமைப்பு வேறு. குழந்தை மல்லாந்து கிடக்கையில் மூச்சுக்குழல் மேலேயும் உணவுக்குழல் கீழேயும் இருக்கின்றன. மேலெழுந்து வரும் பால் மீண்டும் கீழேதான் இறங்கும். குப்புறக் கிடக்கையில் இந்த அமைப்பு தலைகீழாகிவிடுகிறது. அத்துடன், மெத்தையில் புதைந்த முகம் தான் வெளிவிட்ட காற்றையே மீண்டும் உள்ளிழுக்கிறது.

உண்மை தெளிவானபின், 1991-இல் பிரிட்டனிலும் நியூசிலாந்திலும், 1994-இல் அமெரிக்காவிலும், குழந்தைகளை மல்லாந்து உறங்க வையுங்கள் என்னும் இயக்கம் தொடங்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளிலேயே திடீர்ச் சிசு மரணங்கள் ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தன. புதிய மருந்து எதுவும் கண்டுபிடிக்கப்படவில்லை. கிடத்தும் முறை மாறியது, அவ்வளவே. ஆனால் 2005-இல் வெளியான ஓர் ஆய்வு நம்மை நடுங்கச் செய்கிறது. குப்புறப் படுக்கையின் ஆபத்தை உணர்த்தும் சான்றுகள் 1970-லேயே இருந்தன என்றும், அவற்றை ஒருங்கே தொகுத்துப் பார்த்திருந்தால் பிரிட்டனில் 10,000-க்கும் மேற்பட்ட குழந்தைகளையும், ஐரோப்பா, அமெரிக்கா, ஆஸ்திரேலிய வட்டாரங்களில் குறைந்தது 50,000 குழந்தைகளையும் காப்பாற்றியிருக்கக் கூடும் என்றும் அது கணித்தது.

அறியாமையை இரண்டாகப் பிரித்துக் காண்பது நம் அறநெறி மரபு. முயன்றாலும் நீக்கிக்கொள்ள முடியாத அறியாமை ஒன்று. முயன்றால் நீக்கிக்கொள்ளக் கூடியது மற்றொன்று. முதலாவதற்குக் குற்றமில்லை என்றும், அறிந்திருக்க வேண்டியதை அறிய முயலாதிருப்பதே குற்றம் என்றும் புனித தோமா அக்குவினா தெளிவுபடுத்தியிருக்கிறார். இந்த அளவுகோலைக் கையிலெடுத்தால், மருத்துவரின் சொல்லைக் கேட்டுத் தன் பிள்ளையைக் குப்புறக் கிடத்திய தாயிடம் குற்றமில்லை. அவள் கேட்க வேண்டியவரிடம் கேட்டாள். சான்றுகள் எட்டும் தூரத்தில் இருந்தும் அவற்றைத் திரட்டிப் பார்க்காத அறிஞர் உலகமே விடை கூற வேண்டும்.

ஆகவே நம் முதற்கேள்விக்கு விடை கிடைக்கிறது. அன்பு மட்டும் போதாது. அன்பு அறிவைத் தேடிச் செல்லவேண்டும். அறிவும் தன்னை அடிக்கடி சோதித்துக்கொள்ளவேண்டும்.

நம் தூளியும் நம் தலையணையும்

இவ்விடத்தில் நாம் சற்றே பெருமிதம் கொள்ளத் தோன்றும். நம் பாட்டிமார் எந்த நூலையும் படிக்காமலே குழந்தையை மல்லாத்திக் கிடத்தினர். குழந்தை தானாகக் குப்புற விழுந்த நாளை வீடே கொண்டாடுகிறது என்றால், அதுவரை அது மல்லாந்தே கிடந்தது என்பதுதானே பொருள்? மரபு இதில் சரியாக இருந்தது. ஆனால் ஒன்றில் சரியாக இருந்ததால் அனைத்திலும் சரியாகவே இருக்கும் என்று கொள்வதும் மேற்சொன்ன அறிஞர்களின் பிழையையே ஒத்ததாகும்.

தூளி என்றும் ஏணை என்றும் நாம் அழைக்கும் சேலைத் தொட்டிலை எடுத்துக்கொள்வோம். மண் தரையில் எறும்பும் தேளும் ஊர்ந்த வீடுகளில், தாய் வேலை செய்தபடியே ஆட்டிவிடக் கூடியதாக அது பிறந்தது. அதைக் கட்டியவளும் பாதுகாப்பைத்தான் தேடினாள். தாயின் சேலை மணத்தோடு, கருவறையைப் போலவே குழந்தையை அணைத்துக்கொள்ளும் அதன் இனிமையை யாரும் மறுக்க முடியாது. ஆனால் பிறந்த குழந்தையின் தலை பெரிது, கழுத்து வலுவற்றது. வளைந்து தொங்கும் துணியில் முகவாய் மார்பில் படிந்தால் மூச்சு செல்லும் வழி குறுகுகிறது. அதை நிமிர்த்திக்கொள்ளும் ஆற்றல் குழந்தைக்கு இல்லை. வளர்ந்த பிள்ளைகள் தூளியில் விளையாடிக் கழுத்து இறுகி மாண்ட செய்திகளையும் நாம் நாளிதழ்களில் படிக்கிறோம். தாலாட்டி உறங்க வைத்தபின், குழந்தையைச் சமதளமான படுக்கைக்கு மாற்றிவிடுவது தாலாட்டுக்கு எந்தக் குறையும் செய்யாது. பிள்ளைகள் விளையாடுவதற்குத் தூளியை விட்டுவைக்காமல், பயன்படுத்தாத நேரத்தில் அவிழ்த்துவிடுவதும் எளிதே.

தலை உருண்டையாக வேண்டுமென்று வைக்கும் சிறு தலையணை, இருபுறமும் அணைகொடுக்கும் உருளைத் தலையணைகள், இலவம்பஞ்சு மெத்தை, போர்வைமேல் போர்வை ஆகியவற்றை அன்பின் அடையாளங்களாகவே உறவினர் வாங்கி வருகின்றனர். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2022-இல் புதுப்பித்து வெளியிட்ட பரிந்துரைகளோ, சரிவில்லாத, உறுதியான, தலையணையும் தளர்ந்த துணியும் இல்லாத தனிப் படுக்கையையே கேட்கின்றன. குழந்தை பெற்றோரின் அறையிலேயே, அவர்கள் கைக்கெட்டும் தொலைவில், தனக்கென ஒரு படுக்கையில், குறைந்தது முதல் ஆறு மாதங்களேனும் உறங்க வேண்டும். அந்த அறையில் புகைபிடித்தல் கூடாது. தாய்ப்பால் ஒரு காப்பு. சாய்விருக்கையிலோ சோபாவிலோ குழந்தையோடு உறங்கிவிடுவது மிகப் பெரிய ஆபத்து என்றும் அவை கூறுகின்றன. இவற்றுள் பெரும்பாலானவற்றுக்குப் பணம் வேண்டியதில்லை. மடித்து விரித்த கெட்டியான விரிப்பு ஒன்றும், அதன்மேல் இழுத்துச் செருகிய ஒரு துணியும் போதும். வெறுமையாகத் தோன்றும் அப்படுக்கையைப் பார்த்து, குழந்தைக்கு ஒன்றுமே செய்யவில்லையே என்று நம் மனம் குறைப்பட்டுக்கொள்ளலாம். அக்குறையைத் தாங்கிக்கொள்வதும் அன்புதான்.

கண்விழிப்பவர் யார்?

தாயையும் பிள்ளையையும் பிரிப்பதா என்று கேட்பவர் உண்டு. அக்கேள்வியும் மதிக்கத் தக்கதே. அமெரிக்காவில் நோட்ர டேம் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் தாய்–சேய் உறக்கத்தை ஆராய்ந்த ஜேம்ஸ் மெக்கென்னா என்னும் மானிடவியலார், பால் கொடுக்கும் தாயும் சேயும் அருகருகே உறங்குகையில் ஒருவர் அசைவால் மற்றவர் விழித்துக்கொள்வதை எடுத்துக்காட்டி, அந்த நெருக்கம் மனித இனத்துக்கு இயல்பானது என வாதிட்டார். மருத்துவர்களிடையே இதுபற்றிக் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் புகை, மது, மென்மையான மெத்தை, குறைமாதப் பிறப்பு ஆகியவை சேரும் இடத்தில் ஒரே படுக்கை ஆபத்தானது என்பதில் வேறுபாடு இல்லை.

இந்த இரண்டையும் இணைத்துப் பார்த்தவர்கள் நியூசிலாந்தின் மாவோரி மக்கள். பிள்ளையோடு உறங்குவது அவர்களின் அரிய மரபு. ‘கூடாது’ என்று சுகாதாரத் துறையினர் சொன்னபோது அவ்வறிவுரை அவர்களிடம் எடுபடவில்லை. அப்போது டேவிட் டிபேன்–லீச் என்னும் மாவோரி மருத்துவரும் நாரிழை முடையும் பெண்களும் சேர்ந்து 2006-ஆம் ஆண்டளவில் ‘வஹாகுரா’ என்னும் கூடையை உருவாக்கினர். தாயின் படுக்கையிலேயே வைக்கக் கூடிய, ஆனால் குழந்தைக்கென்றே எல்லை வகுத்த கூடை அது. அதைக் கையால் முடைந்து கொடுத்தபோது அறிவுரையும் சேர்ந்தே வீட்டுக்குள் நுழைந்தது. பின்னைய ஆண்டுகளில் அங்கே சிசு மரணம் குறைந்ததில் இத்தகைய முயற்சிகளுக்கும் பங்கு உண்டு. ஃபிளாரன்ஸின் மரச்சட்டம் செய்த அதே வேலையை, இம்முறை தண்டனையின் அச்சமில்லாமல், ஒரு கூடை செய்தது.

ஃபின்லாந்து அரசு 1938 முதல் வறிய தாய்மாருக்கும், 1949 முதல் எல்லாத் தாய்மாருக்கும் வழங்கிய பெட்டியும் இத்தகையதே. துணிகளோடு ஒரு மெத்தையும் அதிலுண்டு. வெறும் பெட்டியே குழந்தையின் முதற்படுக்கை ஆகிவிடும். 2015-இல் தமிழக அரசு மருத்துவமனைகளில் பிறந்த குழந்தைகளுக்கு வழங்கத் தொடங்கிய பரிசுப் பெட்டகத்திலும் சிறு படுக்கையும் கொசுவலையும் இருந்தன. குழந்தை உறங்கும் இடம் ஒரு தாயின் கவலை மட்டுமன்று, ஊராரின் கவலையும்தான் என்பதையே இவை சொல்கின்றன.

நம் வீடுகளில் இக்கவலையைப் பகிர்ந்துகொள்ள ஒரு காலத்தில் வழியிருந்தது. பிரசவத்துக்குத் தாய்வீட்டுக்குச் சென்ற பெண்ணின் பக்கத்தில் இரவெல்லாம் ஒரு முதியவள் அமர்ந்திருந்தாள். பால் கொடுத்து முடித்த மகள் கண்ணயரும்போது, பிள்ளையை வாங்கிக் கிடத்தியவள் அவளே. தூளியைவிடவும் தலையணையைவிடவும் அந்த விழிப்பே பிள்ளைக்குப் பெருங்காவலாக இருந்தது. இன்றோ நகரத்துச் சிறு வீட்டில் கணவனும் மனைவியுமாக இருவரே வாழ்கின்றனர். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழகத்துப் பிரசவங்களில் ஏறத்தாழ 45 விழுக்காடு அறுவைச் சிகிச்சையால் நிகழ்ந்தவை. வயிற்றில் தையலோடு ஓர் இரவில் நான்கைந்து முறை எழுந்து பால் கொடுக்கும் தாய், இருந்த இடத்திலேயே பிள்ளையோடு உறங்கிப்போனால், அவளைக் கேட்பதற்கு முன் அடுத்த அறையில் உறங்கிய கணவனையும், பகலில் வந்து குழந்தையைக் கொஞ்சிவிட்டுச் சென்ற உறவினரையும், மூன்று தெரு தள்ளி வாழும் நம்மையும் கேட்க வேண்டும். ‘பிள்ளையை என்னிடம் கொடு, நீ தூங்கு’ என்று சொல்ல அவ்வீட்டில் ஓர் ஆள் இருந்தாரா?

நம் இரண்டாம் கேள்விக்கு இதுவே விடை. கிடத்தும் கைகள் தாயுடையவையாக இருக்கலாம். கடமை அவளைச் சூழ்ந்த அனைவருடையதும் ஆகும். எனவே குழந்தை பிறப்பதற்கு முன்பே, சீமந்தத்தின்போதோ, திருமணத் தயாரிப்பு வகுப்பிலோ, அன்பியக் கூட்டத்திலோ, தாயிடம் மட்டுமன்றித் தந்தையிடமும் இரு பாட்டிமாரிடமும் இதைப் பேசிவிட வேண்டும். எங்கே கிடத்துவது, எப்படிக் கிடத்துவது, எந்த இரவு யார் விழித்திருப்பது என்று அப்போதே முடிவு செய்யலாம்.

இதற்கு ஒரு காலமும் உண்டு. இத்தனை கவனத்துக்குப் பின்னும், காரணம் எதுவும் புலப்படாமல், சில குழந்தைகள் உறக்கத்தில் இறந்துபோகின்றன. அத்தகைய வீட்டுக்குள் துக்கம் விசாரிக்க நுழையும்போது, ‘எப்படிக் கிடத்தினாய்? எங்கே கிடத்தினாய்?’ என்னும் கேள்விகளை வாசலிலேயே விட்டுவிட வேண்டும். பிறப்புக்கு முன் சொன்னால் அறிவுரையாயிருக்கும் அதே சொற்கள், இறப்புக்குப் பின் கல்லாக மாறிவிடுகின்றன. சாலமோனின் அவையிலிருந்து வெறுங்கையோடு வெளியேறிய அந்த மற்றொருத்தி, பெயரின்றி, துணையின்றி, இன்றும் நம் தெருக்களில் வாழ்கிறாள். அவளுக்குத் தீர்ப்புச் சொல்ல ஏற்கெனவே பலர் இருக்கின்றனர். பக்கத்தில் அமர ஒருவர் போதும்.